ஐந்து மோட்டாருக்கு இருபது ஆம்ப்

என் தம்பி செய்த இயந்திரம் முதல் நாளே என் மூக்கில் அடித்தது. கண்ணாடி எகிறிப்போய் அலமாரிக்கு அடியில் விழுந்தது. அதை எடுக்க எனக்குக் கை வராது என்பதால் வாயால் எடுக்க வேண்டியதை எடுத்தேன், அதாவது தம்பியைத் திட்டினேன். நான் சாதுவான பெண் கிடையாது. அச்சகத்தில் பத்தொன்பது வருஷம் புரூஃப் பார்த்தவள். அடுத்தவர் செய்த தப்பைத் தேடிப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவளிடம் சாந்தத்தை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே எனக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

பதினொரு மாதத்துக்கு முன்னால் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். கழுத்து நரம்பில் அடி. கால்கள் பிழைத்துக்கொண்டன, நடக்கிறேன், படிகூட ஏறுகிறேன். கைகள் இரண்டும் தோளிலிருந்து சும்மா தொங்குகின்றன. வலது கை விரல்கள் கொஞ்சம் அசையும், ஒரு தாளைப் பிடிக்கும் அளவுக்கு இல்லை. பல் தேய்த்துவிட ஆள், ஊட்டிவிட ஆள், தலை வார ஆள். அதற்கெல்லாம் பழகிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் படிக்கிற பக்கத்தை இன்னொருவர் புரட்டுவதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

புரட்டியவர் என் வீட்டுக்காரர்தான். பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியும் முன்னே போய் மதியம் வந்து, குளித்துவிட்டு என் பக்கத்தில் உட்காருவார். மூன்றாம் பக்கத்தில் தலை ஆடும், ஐந்தாம் பக்கத்தில் குறட்டை வந்துவிடும். "ஏங்க, பக்கம்" என்றால் திடுக்கிட்டு இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டுவார். அந்த மனுஷனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் குறை சொன்னேன், தினமும்.

வாயில் குச்சியைக் கடித்துக்கொண்டும் புரட்டிப் பார்த்தேன். எச்சில் தாளில் சொட்டியது, கழுத்து வலித்தது. மருத்துவர் அதைக் கேட்டுவிட்டு என்னைக் கரித்துக் கொட்டினார். அத்தோடு அது முடிந்தது.

அச்சக மேனேஜர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், எதையும் நேரே சொல்லத் தெரியாதவர். தண்ணீரைக் குடித்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைக் குடித்தார்.

"சொல்ல வந்தத சொல்லுங்க சார்" என்றேன்.

"உங்க நாற்காலி இன்னும் காலியாத்தான்மா இருக்கு. ஆனா ஆள் போடச் சொல்லி மேல நெருக்கறாங்க. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்னால தள்ளிப்போட முடியாது."

எங்கள் அச்சகத்தில் தேர்வு வினாத்தாள் அச்சாகிறது. அதைப் பார்க்கிற அறைக்கு ஒரே ஒரு கதவு, அதில் ஒரு கண்ணாடிச் சதுரம். தாள் பார்க்கும் நேரத்தில் உள்ளே இருப்பது ஒரு ஆள்தான். செல்போன் கூடாது, துணைக்கு ஆள் கூடாது, மேனேஜரே கூடாது. வினாத்தாளைக் கணினித் திரையில் பார்க்கவும் அனுமதி இல்லை, அச்சான தாளில்தான் பார்க்க வேண்டும். விபத்துக்கு முன்னால் ஆறு வருஷமாக அந்த அறை என்னுடையது. அங்கே போய் உட்கார என் வீட்டுக்காரரையும் அவர் குறட்டையையும் கூட்டிப்போக முடியாது.

"திருத்தத்த வாயால சொல்றேன், ரெக்கார்டர் ஒண்ணு வச்சுடுங்க" என்றேன். "பக்கத்த நானே புரட்டறேன்."

அவர் என் கைகளைப் பார்த்தார். பார்த்தது தெரியக் கூடாதென்று உடனே சுவரைப் பார்த்தார்.

"எப்படிம்மா?"

"அது என் பாடு. வெள்ளிக்கிழமை வரேன், தனியா."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கே தெரியாது. தம்பி தலையில்தான் கட்டினேன். அவனுக்கு செல்போன் ரிப்பேர் கடை. பேச்சு ஏழு ஊருக்குக் கேட்கும், கைமட்டும் பொன்னான கை. மூன்றே நாளில் ஒரு மரப்பலகையில் சாய்வுத்தாங்கி அடித்து, அதன்மேல் ஐந்து சின்ன மோட்டார்களைப் பொருத்திவிட்டான். பொம்மைக் காரும் குட்டி விமானமும் செய்கிறவர்கள் வாங்கும் சர்வோ மோட்டார்கள் அவை, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்று ஒரு கையைத் தாளின்மேல் இறக்கும். அந்தக் கையின் நுனியில் இருக்கும் ரப்பர் சக்கரத்தை இன்னொன்று உருட்டி, தாளின் ஓரத்தைக் கிளப்பும். மூன்றாவது ஒரு குச்சியை வீசித் தாளைப் புரட்டும். மற்ற இரண்டும் இரு பக்கமும் விரல்போலத் தாளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் உத்தரவு கொடுக்க ஒரு சின்னப் பலகை, அதில் ஒரு பச்சை விளக்கு. என் பாதத்துக்குக் கீழே ஒரு மிதி. ஒரு மிதி மிதித்தால் ஒரு பக்கம். காலைத் தூக்காமல் அழுத்திக்கொண்டிருந்தால் சக்கரம் விடாமல் தேய்க்கும். இரண்டு முறை தட்டினால் பின்பக்கம்.

பார்க்க ஜோராக இருந்தது. மிதித்தேன், முதல் பக்கம் புரண்டது. இரண்டாவதும் புரண்டது. மூன்றாவதில் பாதியில் நின்று, ஒரு நொடி செத்து, பிறகு அத்தனை கைகளும் விறுக்கென்று தொடங்கிய இடத்துக்குத் துள்ளின. அந்தத் துள்ளலில்தான் என் மூக்கில் அடி விழுந்தது.

"மோட்டார் சரியில்லக்கா" என்றான் தம்பி. மோட்டாரை மாற்றினான், அடித்தது. "புரோகிராம்ல கோளாறு" என்றான். அதையும் திருத்தினான், அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் ஏழு தடவை அடி வாங்கியிருந்தேன். வீட்டுக்காரர் எனக்கு ஹெல்மெட் மாட்டிவிடட்டுமா என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்.

எட்டாவது தடவை நான் தாளைப் பார்க்கவில்லை, அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தேன். கை துள்ளுவதற்கு ஒரு கணம் முன்னால் விளக்கு அணைந்து எரிந்தது.

"டேய், உன் பலகைக்கு மூச்சு நின்னு வருதுடா. கரண்ட் பத்தல."

"அதெல்லாம் பத்தும். கடையில என் பவர் சப்ளைல போட்டுப் பாத்துட்டேன், மொத்தமே ஒரு ஆம்ப்கூடக் காட்டல. இங்க போட்டிருக்கறது ரெண்டு ஆம்ப் சார்ஜர். டபுள்."

"மோட்டாரோட வந்த தாள எடு."

"அது எதுக்கு? எல்லாம் தெரிஞ்சதுதான்."

"எடுடான்னா."

நான்காக மடித்த சீட்டு அது, எறும்பு எழுத்து. எங்கள் அச்சகத்தில் ஒரு பழக்கம் உண்டு. எண்கள் நிறைந்த புத்தகம் வந்தால் ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், இன்னொருவர் புரூஃபைப் பார்ப்பார். கமா வந்தால் கமா என்று படிக்க வேண்டும், அடைப்புக்குறி வந்தால் அடைப்புக்குறி என்று படிக்க வேண்டும். எதையும் விடக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. தெரிந்த விஷயம் என்று கண் தாண்டிப் போகிற இடத்தில்தான் தப்பு ஒளிந்திருக்கும். தம்பியை அப்படிப் படிக்கச் சொன்னேன்.

"வோல்ட்டேஜு நாலு சொச்சத்துல இருந்து ஆறு…"

"சொச்சம்னு அதுல போட்டிருக்கா?"

பெருமூச்சு விட்டான். "நாலு புள்ளி எட்டு, சின்னக் கோடு, ஆறு புள்ளி பூஜ்யம் வோல்ட். அடுத்தது, கரண்ட். அடைப்புக்குறி, வேலை செய்யும்போது, அடைப்புக்குறி. அரை ஆம்ப். பாத்தியா, அரைதான். அஞ்சுக்கும் சேத்து ரெண்டரை, அதுவும் எல்லாம் ஒண்ணா ஓடினா."

"அரை ஆம்ப்புக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒரு நட்சத்திரம்."

"நட்சத்திரம் எதுக்குடா?"

"சும்மா போட்டிருப்பான்."

"சும்மா எவனும் நட்சத்திரம் போட மாட்டான். கீழ போ."

சீட்டைத் திருப்பினான். கண்ணைச் சுருக்கினான். பிறகு அவன் குரல் இறங்கியது. "நட்சத்திரம். மோட்டார் அடைபட்டு நிக்கும்போதும், கமா, நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போதும், கமா, ரெண்டு புள்ளி அஞ்சு ஆம்ப் வரை."

"ஒரு மோட்டாருக்கா, அஞ்சுக்குமா?"

"ஒண்ணுக்கு."

"கணக்குப் போடு."

"பன்னிரண்டரை" என்றான். "ஆனா மீட்டர்ல வரலியேக்கா."

"கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துட்டுப் போறத உன் மீட்டர் காட்டுமா?"

காட்டாது என்று அவனுக்குத் தெரியும். இன்னொன்றும் அப்போதுதான் வெளியே வந்தது. அவன் கடை மேஜையில் இருக்கும் பவர் சப்ளையில் இத்தனை ஆம்ப்புக்கு மேல் விடாதே என்று நிறுத்தி வைக்க ஒரு திருகு உண்டு. செல்போனில் ஒரு துளி அதிகம் பாய்ந்தாலும் கதை கந்தல். அதனால் எதைச் செருகுவதற்கு முன்னாலும் அந்தத் திருகை இறக்கி வைப்பது அவன் கைக்குப் பழக்கம். மோட்டாரைச் சோதித்தபோதும் யோசிக்காமல் இறக்கித்தான் வைத்திருந்தான். மோட்டார்கள் கேட்டதைக் கொடுக்காமலே, கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டுவிட்டான்.

"இருபது ஆம்ப் பவர் சப்ளை வாங்கு" என்றேன். "பன்னிரண்டரைய முட்டிக்கிட்டு வாங்கினா மூச்சு வாங்கும். தாராளமா இருக்கட்டும்."

"இருபதா? வெந்துடும்கா."

"வோல்ட் ஏத்தினாத்தான் வேகும். தொட்டி பெருசுன்னு உன் வாளி நிரம்பி வழியுமா? குழாய எவ்வளவு திறக்கறியோ அவ்வளவுதான வரும்? இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கைதான் வரமாட்டேங்குது." சீட்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "அது மட்டுமில்ல. ஒரு மோட்டார் சிக்கி நின்னுடுச்சுன்னு வை. பெரிய சப்ளை விடாம ஊட்டிக்கிட்டே இருக்கும். ஒயர் பத்திக்கும். அந்த ரூம்ல நீ மட்டும்தான் இருப்ப. உன்னால பிளக்கப் பிடுங்க முடியாதுக்கா."

பதினொரு மாதமாக என்னிடம் எல்லோரும் பூசி மெழுகித்தான் பேசினார்கள். இவன் நேரே சொல்லிவிட்டான். கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

"பிளக்கத்தான பிடுங்க முடியாது" என்றேன். "உதைக்க முடியும்ல? காலால உதைச்சா அணையற மாதிரி ஒரு சுவிட்ச் தரையில வை. ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியா ஒரு ஃப்யூஸ் போடு. எது மீறுதோ அது மட்டும் போகட்டும்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீ புரூஃப் பாக்கப் போனதுக்கு என் கடையில உக்காந்திருக்கலாம்" என்றான்.

"உன் கடையில உக்காந்தா ஒரு வாரத்துல நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்னுடும்."

திங்கட்கிழமை மத்தியானம் இருவரும் மின்பொருள் கடைக்குப் போனோம். கடைக்காரர் என் தொங்கும் கைகளை ஒரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு என் தம்பியிடம் மட்டும் பேசினார்.

"பன்னிரண்டு வோல்ட் எடுத்துக்கங்க தம்பி. நல்ல பலமா இழுக்கும்."

"ஆறு வோல்ட்டுக்கு மேல போனா மோட்டார் கருகிடும்" என்றேன். "விளம்பரப் பலகை லைட்டுக்குப் போடுவாங்களே, அஞ்சு வோல்ட்டு இருபது ஆம்ப், தகரப் பெட்டி. அதக் காட்டுங்க."

"அக்காவுக்கு எதுக்குங்க தம்பி அவ்வளவு பெருசு?"

"என்னப் பாத்துப் பேசுங்க. கைதான் வேலை செய்யல, காது நல்லா இருக்கு."

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டிலும் பெரிய எழுத்தில் இருபது ஆம்ப் என்று இருந்தது. தம்பி ஒன்றைக் கையில் எடுத்து, "இதே போதும்" என்றான், அது கச்சிதமாக இருந்ததால். லேபிளை என் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தேன். கீழ் வரியில் சின்னதாக, உச்சத்தில் இருபது, தொடர்ந்து பன்னிரண்டு என்று இருந்தது. மற்றதில் தொடர்ந்து இருபது. கனமான பெட்டி, கம்பி மாட்டும் திருகுகள் மூன்று ஜோடி, வோல்ட்டை லேசாகக் கூட்டிக் குறைக்க ஓரத்தில் ஒரு சின்னத் திருகு.

"இது" என்றேன். கடைக்காரர் இந்தத் தடவை என்னைப் பார்த்தே பெட்டியை நீட்டினார். பிறகு சட்டென்று நினைவு வந்தவராகத் தம்பியிடம் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை தம்பி தடித்த கம்பிகளாகப் போட்டு, ஃப்யூஸ்களையும் உதைக்கிற சுவிட்சையும் சேர்த்து மாட்டினான். மோட்டார்களுக்கு இந்தப் பெட்டி, ஐந்தரை வோல்ட்டில். உத்தரவுப் பலகைக்குத் தனியாக அந்தப் பழைய சார்ஜர், மோட்டார்கள் என்ன இழுத்தாலும் பலகைக்கு மூச்சு நிற்கக் கூடாது என்று. ஓட்டியதும் ஐந்து மோட்டாரும் குளிர்ஜுரம் வந்ததுபோல் உதறின. நான் வாயைத் திறக்கும் முன்னே, "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். பெட்டி, சார்ஜர் இரண்டின் மைனஸ் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்க்க மறந்திருக்கிறான். சேர்த்தான், உதறல் நின்றது. அன்று மாலைக்குள் ஒரு பழைய அகராதியில் இருநூறு தாளைப் புரட்டிவிட்டேன். பச்சை விளக்கு ஒரு தடவைகூட இமைக்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை தம்பி இயந்திரத்தை அந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்து, மிதியையும் உதைக்கிற சுவிட்சையும் என் காலுக்கு வாகாக நகர்த்திவிட்டு வெளியே போனான். மேனேஜர் வினாத்தொகுப்பைத் தாங்கியில் வைத்து, ரெக்கார்டரைத் தட்டிவிட்டார். "புவியியல்மா. எண்பது பக்கம். ஏற்கெனவே ரெண்டு பேர் பாத்தாச்சு, நீங்க கடைசி. பன்னிரண்டரைக்கு வரேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

படித்தேன். மிதித்தேன். பக்கம் புரண்டது. ஆறாம் பக்கத்தில் ஒரு எண் தப்பு, பத்தொன்பதில் ஒரு வரி இரண்டு முறை. உரக்கச் சொன்னேன். என் குரல் அந்த அறையில் கேட்க எனக்கே பிடித்திருந்தது.

முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதும் முடிந்து மிதித்தேன். வந்தது நாற்பத்திரண்டு.

இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் போனேன். மறுபடி மிதித்தேன். மறுபடியும் நாற்பத்திரண்டு. நடுவில் இருந்தவை எதிரெதிரே அச்சான இரண்டு வரைபடப் பக்கங்கள். தடித்த மை, காய்வதற்குள் மடித்திருக்கிறார்கள். இரண்டு தாளும் ஒட்டிக்கொண்டிருந்தன.

கண்ணாடிச் சதுரத்தில் மேனேஜர் முகம் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ, கை கைப்பிடியில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் உள்ளே வந்து பிரித்துக் கொடுத்திருப்பார், விதியை எனக்காக மீறியிருப்பார். அதோடு என் வேலை போயிருக்கும். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

மிதியை அழுத்தினேன், காலை எடுக்கவில்லை. சக்கரம் தாளில் ஒட்டி நின்றது. மோட்டார் முனகியது. விரல்கள் இரண்டும் அழுத்தின, அவையும் நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். என் முதுகில் வேர்த்தது. என் இடது கால் உதைக்கத் தயாராக அந்த அணைக்கும் சுவிட்சின் மேல் இருந்தது. விளக்கு பச்சையாகவே எரிந்தது. ஃப்யூஸ் எதுவும் போகவில்லை. இழு, இழு என்று வாய்விட்டே சொன்னேன், அது ரெக்கார்டரில் இன்னும் இருக்கிறது. தாள் மெல்ல வளைந்து எழும்பியது, பர்ரென்று சத்தம் கேட்டது. ஓரம் பிரிந்து, குச்சி வீசி, பக்கம் புரண்டது.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில், வரைபடத்துக்குக் கீழே, பதினேழாம் கேள்வி. நான்கு விடைகள். மூன்றாவது விடை மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. விடைக்குறிப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சரியான விடையைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு அது அச்சுக்குப் போக இருந்தது. எனக்கு முன்னால் பார்த்த இரண்டு பேரும், நல்ல கைகள் உள்ளவர்கள், இரண்டு தாளையும் சேர்த்துப் புரட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பன்னிரண்டரைக்கு மேனேஜர் வந்து, தொகுப்பை உறையில் போட்டுவிட்டு ரெக்கார்டரைக் கேட்டார். நாற்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத நாற்பதாயிரம் அடிக்க இருந்தோம்மா."

"இப்ப அடிக்கல இல்ல?"

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திங்கட்கிழமை வேதியியல் வருது. ஒன்பது மணிக்கு வந்துடுவீங்களா?"

வந்துவிடுவேன் என்று தலையை ஆட்டினேன். பதினொரு மாதத்தில் முதல் முறையாக நாலு மணி நேரம் ஒரு அறையில் தனியாக இருந்திருக்கிறேன், வேலை செய்திருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன். துடைத்துவிட யாரையும் கூப்பிடவில்லை.

தம்பி வெளியிலிருந்து ஓடி வந்தான். என் முகத்தைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான். அவனாகவே ஏதோ முடிவு செய்துகொண்டு, "பரவால்லக்கா, விடு, வேற எடம் பாத்துக்கலாம்" என்று குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினான்.

"எங்கடா தூக்கற? கீழ வை" என்றேன். "அது என் மேஜைடா, அதுலயே இருக்கட்டும்."